வைத்தியரிடம் போதிய நேரம் பெறுவது எவ்வாறு?

ஒரு சங்கத்தின் ஓராண்டுக் கணக்கை இரண்டே நிமிடங்களில் புரட்டிப் பார்த்துவிட்டு நாம் கையொப்பமிடுவோமாயின், அத்தணிக்கையை எந்தப் பொதுக்குழுவும் ஏற்றுக்கொள்ளாது. பேரேடு எங்கே, ரொக்கப் புத்தகம் எங்கே, கையிருப்பை எண்ணிப் பார்த்தீரா என்று அங்கத்தினர்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஆனால் நம் உடம்பைப் பற்றிய தணிக்கை அதே இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும்போது, ஒருவரும் வாய் திறப்பதில்லை.

அண்மையில் நூம்பலில் முதிய உழவர் ஒருவரைக் காண நேர்ந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையை அடுத்த அவ்வூரில் வயல்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. எஞ்சிய சிறு நிலத்தில் அவர் கீரை பயிரிட்டு வருகிறார். பத்தாண்டுகளாக நீரிழிவு உடையவர். மாதந்தோறும் மாலை வேளையில் ஒரு வைத்தியரிடம் சென்று, இரண்டு மணி நேரம் காத்திருந்து, மாத்திரைச் சீட்டு பெற்றுத் திரும்புவது வழக்கம். உள்ளே இருக்கும் நேரம் இரண்டு நிமிடத்திற்கு மேற்படாது. பாதங்கள் மரத்துப்போவதைச் சொல்லவேண்டும் என்று மூன்று மாதங்கள் எண்ணியிருக்கிறார், சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். “வெளியே அத்தனை பேர் நிற்கும்போது நம் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கலாமா ஐயா?” என்றார்.

வெறுங்காலுடன் பாத்தியில் நடந்தபோது முள் தைத்தது, வலிக்கவில்லை. வலிக்காததை அவர் நல்லது என்றே நினைத்தார். புண் அழுகிய பிறகே தெரிந்தது. இறுதியில் கால்விரல் ஒன்றை அகற்ற நேர்ந்தது.

நீரிழிவு நீடிக்குங்கால் நரம்புகள் உணர்ச்சியை இழக்கக்கூடும். ஆகவே, அந்நோயுடையோரின் பாதங்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் வைத்தியர் தொட்டுச் சோதிக்கவேண்டும் என்பது மருத்துவ நெறி. அதற்குத் தேவை சில நிமிடங்களே. அச்சில நிமிடங்கள் கிடைக்காமையால் ஒரு விரல் போயிற்று. அந்த வைத்தியரையும் குறை கூறுவதற்கில்லை. அன்று மாலை அவர் பார்க்கவேண்டியவர்கள் இன்னும் பலர் இருந்தனர்.

இக்குறை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 67 நாடுகளைப் பற்றிய ஓர் ஆய்வு 2017-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு நோயாளிக்கு முதல்நிலை மருத்துவர் அளிக்கும் நேரம் சுவீடனில் 22 நிமிடங்களுக்கு மேல். வங்காள தேசத்தில் 48 விநாடிகள். இந்தியாவில் சுமார் 2 நிமிடங்கள். உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாழும் 18 நாடுகளில் 5 நிமிடமோ அதற்குக் குறைவோதான் கிடைக்கிறது என்று அவ்வாய்வு காட்டியது.

நோயாளியைப் பேசவிட்டால் பொழுது போய்விடும் என்ற அச்சம் வைத்தியர்க்கு உண்டு. அது மிகைப்பட்ட அச்சம் என்பதற்குச் சுவிட்சர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு சான்று. 2002-இல் வெளியான அவ்வாய்வில், 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டுக் காலம் குறித்தனர். சராசரி 92 விநாடிகளில் அவர்கள் தாமே பேச்சை முடித்துக்கொண்டனர். நூற்றுக்கு 78 பேர் இரண்டு நிமிடங்களுக்குள் முடித்தனர்.

குடும்பத்தை அறிந்த வைத்தியரிடமே தொடர்ந்து செல்வதன் நன்மையும் ஆராயப்பட்டுள்ளது. 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 22 ஆய்வுகளை ஒப்புநோக்கிற்று. ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து சென்றோரிடையே இறப்பு குறைவு என்று அவற்றுள் 18 ஆய்வுகள் கண்டிருந்தன. நம் பழைய கதையை அறிந்தவரிடம் அதை ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து கூற வேண்டுவதில்லை அன்றோ? அதுவும் மிச்சப்பட்ட நேரமே.

ஆயினும் தனியொருவர் கேட்டுப் பெறக்கூடிய நேரத்திற்கு ஓர் எல்லை உண்டு. கடன் விஷயத்திலும் முன்பு இவ்வாறே இருந்தது. லேவாதேவிக்காரர் முன் தனியே நின்ற உழவனுக்குப் பேச வாயில்லை. நூம்பலுக்கு மேற்கே, திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் 1904-ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது இதனால்தான். சிறு தொகைகள் ஒன்றுசேர்ந்து மூலதனமாயின. வைத்தியரின் நேரத்தையும் அவ்வாறே சேர்த்துப் பெறலாகாதா?

பெறலாம் என்று காட்டியவர் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி. 1958-இல் சென்னையில் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் என்னும் நிறுவனத்தை அவர் தோற்றுவித்தார். வருவாய்க்கேற்பக் குடும்பங்கள் ஆண்டுச் சந்தா செலுத்தி மருத்துவ வசதி பெறும் திட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. நோய் வந்தபின் ஓடுவதை விட, உடல்நலத்துடன் இருக்கும்போதே குடும்பம் முழுவதையும் வைத்தியர் அறிந்திருக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை.

அரசின் ஏற்பாடுகளும் இதற்குத் துணையாகும். 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ், இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீட்டிற்கே கொண்டுவரப்பட்டன. மாத்திரைக்காக மட்டும் வரிசையில் நிற்போர் குறைந்தால், நோயைச் சொல்ல வருவோர்க்கு வைத்தியரின் நேரம் கூடும்.

சங்கங்கள் செய்யக்கூடியதை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். மாதம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஒரு வைத்தியரைச் சங்கக் கட்டடத்திற்கு அழைத்தால், முன்கூட்டிப் பெயர் பதிந்த 12 பேர்க்குத் தலைக்குப் பத்து நிமிடங்கள் கிடைக்கும். எப்பொழுதும் ஒரே வைத்தியராக இருத்தல் நலம். துணை விதிகள் இடம் தருமாயின், பொதுநல நிதியிலிருந்து செலவு செய்யலாம். இல்லையேல் வருவோர் பகிர்ந்துகொள்ளலாம். எதுவாயினும் முறைப்படி தீர்மானம் நிறைவேற்றிக் கணக்கில் காட்டவேண்டும்.

அதுவரை அங்கத்தினர்கள் தாமே செய்யக்கூடியவை சில:

1. மிக முக்கியமான தொல்லையை முதலில் கூறுக. கதவருகே சென்று திரும்பி நின்று கூறுவதற்கென்று ஒன்றையும் வைத்துக்கொள்ளற்க.

2. உட்கொள்ளும் மருந்துகள், முன் சோதனைகளின் முடிவுகள், கேட்கவேண்டிய வினாக்கள் ஆகியவற்றை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிச் செல்க.

3. கூட்டம் குறைந்த வேளை எது என்று முன்னரே விசாரித்து அவ்வேளையில் செல்க.

4. தறியில் அமர்வோர் முதுகுவலியையும் கண் மங்கலையும், உழவர் காற்புண்ணையும் தொழிலோடு பிறந்தவை என்று மறைக்காமல் கூறுக.

நூம்பல் பெரியவர் இப்போது செருப்பணிந்தே பாத்திக்குச் செல்கிறார். அவருடைய பேத்தி ஒரு குறிப்பேட்டில் எல்லாவற்றையும் எழுதித் தருகிறாள். சென்ற மாதம் வைத்தியரிடம் சென்றதும், நாற்காலியில் அமருமுன்பே, “முதலில் என் கால்களைப் பாருங்கள்” என்றாராம். வைத்தியரும் குனிந்து இரு பாதங்களையும் பார்த்தாராம். வெளியே அன்றும் கூட்டம் இருந்தது. எவரும் முணுமுணுக்கவில்லை என்று பெரியவர் நம்மிடம் வியப்புடன் கூறினார்.