எழுத்து தெரிந்தவனும் சொல் தெரிந்தவளும்

"படிடா தம்பி" என்றதும் படித்தான். நான்காம் வகுப்புப் பையன். ஒரு பக்கக் கதையை, டவுன் பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் அடுக்குகிற வேகத்தில் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். ஒரு பிழை இல்லை. "முயல் எதுக்கு அழுதுச்சு?" என்று கேட்டேன்.

"முயல்னா என்னக்கா?"

அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணும் அதே வகுப்புதான். அம்மா புளியங்கொட்டை எடுக்கும் வேலைக்குப் போகிறவர். விடிய விடியப் பார்த்த பாரதக் கூத்தை, அர்ச்சுனன் தபசு மரம் ஏறியதிலிருந்து எலுமிச்சம்பழம் எறிந்தது வரை, ஒன்று விடாமல் சொல்லுவாள். புத்தகத்தைக் கொடுத்தால் 'தோடு' என்ற இரண்டெழுத்தில் நின்றுவிடுவாள். "தொ... தே... தா..." காதில் தொங்குகிற தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தடுமாறுவாள்.

பென்னாகரம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயில் திண்ணையில் நான் மாலை வகுப்பு எடுக்கத் தொடங்கிய நாட்கள் அவை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்து இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதல்வர் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கிவைத்தார். நான் அதில் தன்னார்வலரானேன். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, தினமும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், இருபது பிள்ளைகள்.

முதல் மூன்று மாதம் நான் செய்தது தப்பு. இருவரையும் 'வாசிப்பில் பின்தங்கியவர்கள்' என்று ஒரே வரிசையில் உட்காரவைத்து, ஒரே பாடத்தைப் பத்துப் பத்து முறை எழுதச் சொன்னேன். அவன் அழகாக எழுதினான், அர்த்தம் தெரியவில்லை. அவளுக்கு விரல் வலித்தது, வாசிப்பு வரவில்லை. காய்ச்சலுக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே மாத்திரை கொடுத்தால் வேறு என்ன நடக்கும்?

1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு கணக்காகச் சொன்னார்கள். எழுத்தைக் கூட்டி ஒலியாக்கும் திறன் ஒன்று; காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் மொழியறிவு இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. பெருக்கல் என்பதுதான் இதில் முக்கியம். கூட்டலாக இருந்தால் ஒன்றின் குறையை மற்றது சரிக்கட்டும். பெருக்கலில் ஒரு பக்கம் பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். என் திண்ணையில் இடது பக்கம் ஒரு பூஜ்யம், வலது பக்கம் ஒரு பூஜ்யம்.

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. கிராமப்புற வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் அசர் ஆய்வில், 2022இல் தமிழகத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. 2024இல் அது 12 ஆனது. ஏறியிருக்கிறது, போகவேண்டிய தூரமும் தெரிகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80 சதவீதம், எங்கள் தர்மபுரி மாவட்டத்துக்கு 68.5, மாநிலத்திலேயே கடைசி. வீட்டில் எழுத்துக் கூட்டித் தர ஆளில்லாத பிள்ளைகள் இங்கே அதிகம் என்பதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

என் தப்பு புரிந்த பிறகு, முதலில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் கேட்டேன். எழுத்து, சொல், வரி, கதை என்று நான்கு படி. எந்தப் படியில் கால் வழுக்குகிறது என்று குறித்துக்கொண்டேன். பள்ளியில் 2022 ஜூனில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் இதே யோசனைதான்: வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பார்கள்.

அவள் வழுக்கிய இடம் கொம்பு. தமிழுக்கு 247 எழுத்து என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். பிள்ளை அதைப் பாட்டாகவே படித்திருக்கிறது. 'க, கா, கி, கீ' என்று ராகம் போடும். நடுவில் 'கூ'வைத் தொட்டுக் காட்டினால் மறுபடி 'க'விலிருந்து பாடிக்கொண்டு வரும். துணைக்கால் சுலபம், எல்லா எழுத்துக்கும் ஒரே கால். 'கு, சு, து, மு' வரிசையோ ஒவ்வொன்றும் ஒரு தினுசு. 'தோ' இன்னும் சிக்கல்: கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாய் முதலில் சொல்ல வேண்டியது 'த'. கண் ஒரு திசை, வாய் ஒரு திசை. பெங்களூரில் கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக் 2007இல் எழுதியதும் இதுதான்: நம் மொழிகளின் எழுத்தைக் கற்பது ஓராண்டில் முடிகிற வேலை இல்லை, நான்காம் வகுப்பு வரைகூட நீளும். அவள் மந்தம் இல்லை. அவளுக்குத் தரவேண்டிய நேரத்தை யாரும் தரவில்லை.

பழைய காலண்டர் அட்டையை வெட்டி ஜோடி ஜோடியாக எழுதினேன். தொடு–தோடு. கொடு–கோடு. பெட்டி–பேட்டி. ஒரு சுழி கூடினால் அர்த்தமே மாறுகிறது என்று கண்ட பிறகு கொம்பை விட்டுவிட்டுப் படிக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு நாளைக்கு மூன்று ஜோடி, அதற்கு மேல் இல்லை.

பிறகு கூத்துக் கதையைச் சொல்லச் சொல்லி, அவள் வாயில் வந்தபடியே எழுதினேன்: 'அர்ச்சுனன் மரத்து மேல ஏறிட்டான்.' அதற்குக் கீழே புத்தகத் தமிழில்: 'அர்ச்சுனன் மரத்தின் மேல் ஏறிவிட்டான்.' தான் சொன்ன கதை என்பதால் அடுத்த சொல் என்னவென்று அவளுக்குத் தெரியும். கண் அதை எழுத்தில் தேடிப் பிடித்துக்கொள்ளும். பேசுகிற தமிழும் அச்சில் வருகிற தமிழும் வேறு வேறு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 'வந்துட்டாங்க' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு 'வந்துவிட்டார்கள்' பாதி அந்நிய மொழி.

அதே அரைப் பக்கத்தை நான்கு நாள் திரும்பத் திரும்ப வாசித்தாள். திங்கட்கிழமை நொண்டியது வியாழக்கிழமை நடந்தது. எழுத்துக் கூட்டுவதிலேயே மூளையின் பலமெல்லாம் செலவழிந்தால் கதைக்கு மிச்சம் இருக்காது. கூட்டுவது பழகிப்போக வேண்டும், சைக்கிள் மிதிப்பது மாதிரி.

அவன் சங்கதி வேறு. அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள். வீட்டில் கன்னடம். எழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்; உள்ளே சொல் இல்லை. ஒருநாள் அவன் அம்மா வந்து, "இனிமே வீட்ல தமிழே பேசட்டுமாம்மா?" என்று கேட்டார். "வேணாங்க்கா, ராத்திரி கன்னடத்துலயே கதை சொல்லுங்க" என்றேன். ஒரு மொழியில் ஆழமாகப் புரிந்துகொண்ட விஷயத்துக்கு இன்னொரு மொழியில் பெயர் வைப்பது எளிது.

முயல் கதைக்கு விடை கொடுத்தது அவன் பாட்டி. படத்தைக் காட்டியதும் "மொல" என்றார். முயல், மொல! அன்றிலிருந்து அவனுக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது. பால்–ஹாலு, பல்–ஹல்லு, புலி–ஹுலி, பத்து–ஹத்து. பழைய கன்னடத்தில் இவையெல்லாம் 'ப'வாகவே இருந்து, சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 'ஹ'வாக மாறத் தொடங்கியவை. சாவி ஒன்றுதான், அதற்கு இத்தனை பூட்டு திறந்தது.

எல்லாச் சொல்லும் அப்படித் திறக்காது. அமெரிக்கப் பேராசிரியர் ஐசபெல் பெக் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார். ஆடு, களி, வீடு போன்றவை தானாக வரும். 'ஒளிச்சேர்க்கை' போன்றவற்றை அந்தந்தப் பாடம் சொல்லித்தரும். நடு அடுக்கில் தயக்கம், ஏமாற்றம், பொறுப்பு என்று எல்லாக் கதையிலும் வருகிற சொற்கள் இருக்கின்றன. வீட்டுப் பேச்சில் இவை அதிகம் புழங்காது; பள்ளியில் 'அருஞ்சொற்பொருள்' ஒரு வரியில் கடந்துவிடும். பாடுபட வேண்டியது இங்கேதான்.

வாரத்துக்கு நான்கே சொற்கள் எடுத்தேன். 'தயக்கம்' வந்தபோது பொருள் எழுதச் சொல்லவில்லை. "ஒகேனக்கல்ல பரிசல்ல கால் வைக்கறப்ப எப்படி இருந்துச்சு?" என்றேன். "உள்ள வைக்கலாமா வேணாமான்னு..." "அதுதான் தயக்கம்." மறுநாள் அவரவர் தயங்கிய ஒரு கதையைக் கொண்டுவர வேண்டும். சொல்லை ஒரு துண்டு அட்டையில் எழுதிப் பாட்டி ஒருவர் கொடுத்த சுருக்குப் பையில் போட்டுவைத்தோம். வெள்ளிக்கிழமை பைக்குள் கை விட்டு எடுத்ததை வைத்து ஒரு வரி சொல்ல வேண்டும். பழைய அட்டைகளும் உள்ளேயே கிடக்கும். மறக்கவிருந்த சொல் திரும்பக் கையில் வரும். தினமும் பத்து நிமிடம் அவர்களால் தாங்களாக வாசிக்க முடியாத பெரிய கதை ஒன்றை நானே வாசித்துக் காட்டுவேன். சொல் முதலில் நுழைவது காது வழியாகத்தான்.

கடைசியாகத் தோன்றியதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். இருவரையும் ஜோடியாக உட்காரவைத்தேன். அவன் எழுத்தைக் கூட்டித் தருவான், அவள் சொல்லுக்கு விளக்கம் தருவாள். இதுவும் புதிதில்லை. 1789இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளியில் செய்ய ஆசிரியர்கள் இணங்காதபோது எட்டு வயதுப் பையன் ஒருவனையே சொல்லித்தர வைத்தார். 1797இல் அவர் எழுதிய நூல் வழியாக அது இங்கிலாந்துக்கு 'மெட்ராஸ் முறை'யாகப் போனது. நம் திண்ணையிலிருந்து போனது நம் திண்ணைக்கே திரும்பியிருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் சில பிள்ளைகள் நகர மாட்டார்கள். கண்ணையும் காதையும் சோதித்துப் பார்க்க வேண்டும். கற்றல் குறைபாடாக இருந்தால் அதற்குப் பயிற்சி பெற்றவரிடம் காட்ட வேண்டும். அதுவரை 'மக்கு' என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது.

பிப்ரவரி மாதம் ஒரு சாயங்காலம். அவன் வழக்கம்போல வேகமாக வாசித்துக்கொண்டு போனான். 'பொழுது சாய்ந்தது' என்ற இடத்தில் நின்றான். திக்கவில்லை, நின்றான். விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்து, "பொழுதுன்னா ஹொத்தா?" என்றான்.

அவளுக்குக் கன்னடம் தெரியாது. மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்த சூரியனைக் கை நீட்டிக் காட்டினாள். தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனான், இந்த முறை கொஞ்சம் மெதுவாக.