கத்தரிக்கோல் கொடுக்கும் குளிர்காலம்

திராட்சை குளிர்நாட்டுக் கொடி. பனிக்காலத்தில் இலை உதிர்த்து உறங்கி, குளிர் விட்டதும் துளிர்ப்பது அதன் இயல்பு. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் அப்படியொரு குளிருக்கு வழியே இல்லை. ஆனாலும் காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி வட்டாரத்தில் பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை தொங்குகிறது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

உறங்காத கொடியைக் கவாத்து செய்துதான் காய்க்க வைக்கிறார்கள். வெட்டாமல் விட்டால் அது இலையும் தண்டுமாகப் படர்ந்துகொண்டே போகும், காய்ப்பு குறைந்துவிடும். முதிர்ந்த கிளைகளை வெட்டி, இலைகளை உருவி எறிந்ததும் மொட்டுகள் விழித்துக்கொள்ளும். டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மே மாதங்களில் பழம். மே, ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட், செப்டம்பரில் மறுபடியும் பழம். அறுவடை மாதத்தை இங்கே உழவரே முடிவு செய்கிறார்!

வெயில் மட்டும் இருந்தால் போதுமா? அந்தமானிலும் வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது பழைய போர்ட் பிளேரில், ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை கொட்டுகிறது. அந்த ஈரக்காற்றில் அடிச்சாம்பல் நோய் இலையைக் கருக்கிவிடும். பழுக்கும்போது மழை பட்டால் பழம் வெடித்து அழுகும். கம்பத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்கு மழையின் பெரும்பகுதியை மறித்துக்கொள்கிறது. பயிருக்கு வேண்டிய தண்ணீரோ, 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து வருகிறது. வறண்ட வானமும் வாய்க்கால் நீரும் ஒருசேர அமைவது பெரிய பாக்கியம்.

பிரேசிலின் பெட்ரோலினாவுக்கும் அது வாய்த்திருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே கம்பம் எவ்வளவு தொலைவோ, ஏறக்குறைய அவ்வளவு தெற்கே இருக்கிறது அந்த ஊர். சாவோ பிரான்சிஸ்கோ ஆற்றுப் பாசனத்தில், சில வாரங்கள் தண்ணீரைக் குறைத்துக் கொடியை ஓயவைத்து, பிறகு கவாத்து செய்து, ஆண்டுக்கு இருமுறை ஒயினுக்குப் பழம் பறிக்கிறார்கள்.

வெப்பநாட்டு ஒயினில் சிக்கல் ஒன்று உண்டு. சூட்டில் பழத்தின் இனிப்பு வேகமாக ஏறும். மாலிக் அமிலம் எரிந்து தீரும். புளிப்பு போனால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். அதனால் விடியுமுன் பறித்து, சாற்றைக் குளிரவைத்து, டார்டாரிக் அமிலம் சேர்ப்பார்கள். மணத்துக்குப் பன்னீர் திராட்சையில் பஞ்சமில்லை. இது 'மஸ்கட் ஹாம்பர்க்' ரகம். ரோஜாவில் இருக்கும் ஜெரானியால் இதிலும் இருக்கிறது. இத்தனை மணமுள்ள பழத்தில் பெரும்பகுதி இன்றும் கூடைகளில் சந்தைக்கும் ஜூஸ் கடைகளுக்குமே போகிறது. இதிலிருந்து நல்ல ஒயின் வடிக்கும் தொழில் கம்பத்தில் இன்னும் பெரிதாக வளர்ந்திருக்க வேண்டும்.