கடலோர சைக்கிள் பாதை யாருக்காக?

புது தில்லி: திருவனந்தபுரம் மாவட்டம் பூவாரிலிருந்து காசர்கோடு மாவட்டம் குஞ்சத்தூர் வரை, 9 மாவட்டங்களின் வழியே சுமார் 623 கி.மீ. நீளத்துக்குக் கடலோர நெடுஞ்சாலைத் திட்டத்தைக் கேரள அரசு வகுத்தது. சுற்றுலாப் பயணிகளைக் கவரும் சைக்கிள் பாதையும் இதில் இடம்பெற்றது.

நோக்கம் நல்லதே. ஆனால், 14 மீட்டர் அகலத்துக்கு நிலம் எங்கே என்பதுதான் சிக்கல். கேரளக் கடற்கரை ஆளரவமற்ற மணல்வெளி அன்று. மீனவர் வீடுகள் நெருங்கி நிற்கும் பகுதி. கடல் அரிப்பால் வீடிழந்தோர், சாலைக்காகவும் இடம்பெயர வேண்டுமா எனக் கேட்டனர். 600 சதுர அடி அடுக்குமாடி வீடு அல்லது ரூ. 13 லட்சம் என அரசு அறிவித்த பின்னரும் எதிர்ப்பு ஓயவில்லை.

தில்லிக்கும் இதில் பங்குண்டு. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986-ன் கீழ் 2019 ஜனவரியில் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடற்கரையில் கட்டுமானத் தடைப் பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமோ, சைக்கிள் ஓட்டிகள், பாதசாரிகளின் பாதுகாப்புக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை மாநிலங்களிடம் அளித்தது. கடற்கரைக்கான கட்டுப்பாட்டைத் தளர்த்தியது மத்திய அரசு. பாதை யாருக்கு என்பதைத் தீர்மானிக்க வேண்டியது மாநில அரசு.

மீன் கூடையைச் சுமந்து சைக்கிள் மிதிப்பவருக்கும் அப்பாதையில் இடமிருந்தால் அது வளர்ச்சி. அவரை அகற்றிவிட்டு விருந்தினருக்கு மட்டும் அமைக்கப்படுமானால், அதை எப்படி அழைப்பது?