தெருவில் நிற்கும் காருக்கு உறை: போட்டால் மட்டும் போதுமா?

வீட்டு வாடகை கொடுத்து, ஊருக்குப் பணம் அனுப்பி, சீட்டுப் பணம் கட்டி, மிச்சம் பிடித்ததில் ஒரு கார். அதுவும் பெரும்பாலும் இன்னொருவர் ஓட்டிய பழைய கார். சந்தாபுராவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அது வெறும் வாகனம் அல்ல. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் பிள்ளை குட்டிகளோடு அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி ஊர் போய்ச் சேர உதவும் சொத்து. கடன் தவணை இன்னும் பாக்கி இருக்கும் சொத்து.

அந்தச் சொத்து இரவில் தங்குவதோ தெருவில்.

ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே இருக்கிறது சந்தாபுரா. பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளில் வேலை பார்ப்பவர்கள் இங்கே வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். வாடகைக் கட்டடங்களின் கீழ்த் தளத்தில் ஸ்கூட்டர்களும் மோட்டார் சைக்கிள்களும் நிற்கவே இடம் போதவில்லை. ஆகவே கார் வெளியே நிற்கிறது. ஷெட் கட்ட இடமில்லாதவர்கள் கார் உறை வாங்குகிறார்கள்.

உறை நல்லதுதான். ஆனால் அதைப் போடும் முறை தெரியாவிட்டால், காரைக் கெடுப்பதும் அதே உறைதான்.

எதிரிகள் யார்?

திறந்த வெளியில் நிற்கும் காருக்கு முதல் எதிரி வெயில். பெங்களூர் குளிர்ந்த ஊர் என்று பெயர். ஆனால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சூரியனின் புற ஊதாக் கதிர் இங்கே சமவெளியைவிடச் சற்றுக் கூடுதலாகவே தாக்கும். 2016 ஏப்ரலில் இந்த நகரில் வெப்பம் 39 டிகிரியைத் தாண்டியது. பெயிண்டின் மேல் உள்ள மெல்லிய பளபளப்புப் பூச்சை வெளிறச் செய்வதும், டாஷ்போர்டை வெடிக்க வைப்பதும், வைப்பர் ரப்பரைக் காய்ந்துபோகச் செய்வதும் இந்த வெயில்தான்.

இரண்டாவது எதிரி பறவை எச்சம். அதில் அமிலத் தன்மை உண்டு. வெயிலில் பெயிண்ட் சற்று இளகுகிறது. மாலையில் குளிர்ந்து இறுகுகிறது. அப்போது எச்சம் விழுந்த இடத்தில் தழும்பு பதிந்துவிடும். பிறகு எவ்வளவு துடைத்தாலும் போகாது. மரத்தடியில் நிறுத்தினால் பிசினும் பூவும் சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது எதிரி தூசி. அருகிலுள்ள ஜிகணியில் கிரானைட் அறுக்கும் ஆலைகள் நிறைய உண்டு. சாலையில் எந்நேரமும் லாரிகள் ஓடுகின்றன. கிரானைட் கல்லில் உள்ள குவார்ட்ஸ் என்னும் தாது கண்ணாடியையே கீறும் கடினம் உடையது. கார் பெயிண்ட் அதன் முன் எம்மாத்திரம்?

உப்புத்தாள் ஆகும் உறை

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வேலை முடிந்து களைத்து வந்தவர், தூசி படிந்த காரின் மேலேயே உறையை இழுத்துப் போடுகிறார். இரவில் காற்று அடிக்கிறது. உறை காரின் மேல் அசைந்து அசைந்து உரசுகிறது. நடுவே சிக்கிய தூசி, ஆசாரி மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாள் போல வேலை செய்கிறது. சில மாதங்களில் வெயில் பட்டால் தெரியும்படி சிலந்தி வலை போன்ற கீறல்கள் பெயிண்ட் முழுவதும் விழுந்துவிடும்.

உறை போடுவதற்கு முன் காரைக் கழுவ வேண்டும் என்று சொன்னால், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வீட்டில் தினமும் அது நடக்கிற காரியமா? நடக்காது. அதற்கு ஒரு வழி உண்டு. தினமும் ஓடும் காருக்குத் தினமும் உறை வேண்டாம். வாரக் கணக்கில் நிற்கப்போகும் காருக்கு, ஊருக்கு ரயிலில் போகும்போது விட்டுச் செல்லும் காருக்கு, ஒரு முறை கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு உறை போடலாம். மற்ற நாட்களில் முன் கண்ணாடிக்கு உட்புறமாக ஒரு வெயில் மறைப்பு வைத்தாலே டாஷ்போர்டுக்குப் பெரும் பாதுகாப்பு.

எந்த உறை வாங்கலாம்?

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கார் சாமான் கடைகள் வரிசையாக உள்ளன. உறைகள் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை கிடைக்கும். வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

தண்ணீர் சொட்டுக்கூட இறங்காத பிளாஸ்டிக் உறை மழைக்கு நல்லது என்று தோன்றும். உண்மையில் அது தீங்கானது. தரையிலிருந்து எழும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே வியர்த்து நிற்கும். கதவு இடுக்குகளில் துருப் பிடிக்கும், பெயிண்ட் கொப்புளிக்கும். காற்று புகுந்து வெளியேறும் துணியே சிறந்தது.

உட்புறம் மிருதுவாக இருக்க வேண்டும். வெளிப்புறம் வெயிலைத் திருப்பும் வெள்ளி நிறம் நல்லது. காரின் அளவுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். தொளதொளவென்று இருந்தால் காற்றில் படபடக்கும். காரின் அடியில் இழுத்துக் கட்டும் பட்டை அவசியம்.

போடும் முறை

ஓடி வந்த கார் குறைந்தது அரை மணி நேரமாவது ஆற வேண்டும். சூடான சைலன்சர் குழாயில் பட்டால் உறை உருகி ஒட்டிக்கொள்ளும். தீப் பிடிக்கவும் கூடும்.

கழற்றும்போது உறையைத் தரையில் போட்டு இழுக்கக் கூடாது. இரு பக்கங்களையும் காரின் கூரை மேல் மடித்து, பிறகு முன்னிருந்து பின்னாகச் சுருட்ட வேண்டும். தூசி படிந்த வெளிப்புறம் உட்புறத்தைத் தொடாதபடி மடிப்பதே இதன் சூட்சுமம்.

மழையில் நனைந்த உறையை வெயில் வந்ததும் எடுத்துக் காயப்போட வேண்டும். பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை அதிகம். நனைந்த உறைக்குள் வாரக் கணக்கில் கிடக்கும் கார், உறை இல்லாத காரைவிட மோசமாகும்.

உறைக்கு அடியில் இருட்டும் கதகதப்பும் இருப்பதால் எலி குடியேறும். வயரைக் கடித்துவிட்டால் செலவு ஆயிரக் கணக்கில். இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது பானெட்டைத் திறந்து பார்ப்பது நல்லது.

உறையால் முடியாதது

வெள்ளம் வந்தால் உறை எதுவும் செய்யாது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பக்கம் பங்களாக்களில் நின்ற கார்களே நீரில் மூழ்கின. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் எடுத்தவருக்கு அதில் ஒரு காசும் கிடைக்காது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசிதான் உதவும்.

உறை போட்டுவிட்டதால் தெரு சொந்தமாகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 127-வது பிரிவுப்படி, பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கவனிப்பாரின்றி விடப்பட்ட வாகனத்தை அகற்றச் சீருடை அணிந்த போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம். நெடுநாள் ஊருக்குப் போகிறவர்கள் அக்கம் பக்கத்தாரிடம் சொல்லிவிட்டுப் போவதும், சாவியை நம்பகமான ஒருவரிடம் கொடுப்பதும் நல்லது.

உள்ளே பார்த்தீர்களா?

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. பெயிண்ட் போனால் மறுபடி அடிக்கலாம். உயிர் போனால்?

2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நின்றிருந்த காருக்குள் ஏறி விளையாடிய 3 குழந்தைகள் கதவு திறக்க முடியாமல் மூச்சுத் திணறி இறந்தார்கள். 2025 மே மாதம் ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டம் துவாரபூடியில் அதே விதமாக 4 குழந்தைகள் மாண்டார்கள்.

மூடிய கார் எவ்வளவு வேகமாகச் சூடேறும் என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து 2005-இல் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் வெளி வெப்பத்தைவிடச் சுமார் 22 டிகிரி கூடுகிறது. அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தாலும் பெரிய பயன் இல்லை.

சந்தாபுராவின் குறுகிய தெருக்களில் பிள்ளைகளுக்கு விளையாட மைதானம் இல்லை. நிற்கும் கார்களுக்கு நடுவேதான் கண்ணாமூச்சி. உறை போட்ட காரோ ஒளிந்துகொள்ள அருமையான இடம். அதற்குள் ஒரு குழந்தை ஏறிவிட்டால், தெருவில் போகிறவர் கண்ணில் படவே வழியில்லை.

ஆகவே உறையைக் கையில் எடுக்கும் முன் பின் இருக்கை வரை ஒரு முறை குனிந்து பார்க்க வேண்டும். நான்கு கதவுகளும் டிக்கியும் பூட்டியிருக்கின்றனவா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். சாவியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் மாட்ட வேண்டும். குழந்தை காணோம் என்றால் அக்கம் பக்கத்து வீடுகளில் தேடும் முன் நிற்கும் கார்களை, உறை போட்டவை உட்பட, திறந்து பார்க்க வேண்டும்.

இதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம். செலவு ஒன்றுமில்லை. கார் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இது வழக்கமாக வேண்டும்.