சீவாளி செய்யும் வேலை

'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் மாறிமாறி வரும் ஆபேரி ராகப் பாட்டைப் பற்றி அம்பாசமுத்திரத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: குரல் வளைகிற இடத்திலெல்லாம் ஒரு மரக்குழலும் எப்படி வளைகிறது?

துளைகளால் மட்டும் முடிகிற காரியமில்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதைப் பாதித் துளை மூடும் விரலும், வாய்க்குள் இருக்கும் சீவாளியும் சேர்ந்துதான் செய்கின்றன. எனக்கு அந்தச் சீவாளி மேல் தனிப் பிரியம். காவிரிக் கரையில் வளரும் நாணல் தட்டையைப் பதப்படுத்தி, ஒரு முனையை நூலால் கட்டி, மறுமுனையைத் தட்டையாக்குகிறார்கள். விரல் நீளம்கூட வராது. திருவாவடுதுறைப் பக்கம் இதைக் குலத்தொழிலாகச் செய்கிறவர்கள் உண்டு.

சின்ன வயதில் பூவரச இலையைச் சுருட்டி, நுனியை நசுக்கிப் பீப்பி ஊதியிருக்கிறோமே, அதுதான் இது. உதட்டை இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். சீவாளியின் இரண்டு இதழ்களும் விநாடிக்குப் பல நூறு தடவை மூடித் திறக்கின்றன. உதடும் மூச்சும் துளி மாறினால் சுரமும் துளி நகரும். ஆபேரியின் கமகங்களுக்கு வேண்டியது இந்தத் துளிதான். சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊரில் பிறந்து, நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையிடம் கற்ற அருணாசலம் அதில் தேர்ந்தவர். படம் வந்த இரண்டே ஆண்டில், 1964-ல், மறைந்துவிட்டார்.

அந்தப் பாட்டின் ஒலிப்பதிவுக்கு மைக் வேண்டியதுதான். கல்யாண மண்டபத்தில் எதற்கு? கோயில் வீதி முழுக்கக் கேட்கப் பிறந்த வாத்தியத்தின் முன்னால் மைக்கை நீட்டி, ஆளுயர ஸ்பீக்கரில் விடுகிறார்கள். இரைச்சல் மிஞ்சுகிறது, அந்த வழுக்கல் காணாமல் போகிறது. நாகஸ்வரக்காரரை 'ஜானவாசத்துக்கு ஊதுகிறவர்' என்று மட்டும் நினைப்பதால் வரும் கேடு இது. வீட்டு விசேஷத்துக்கு முப்பது பேரைக் கூட்டி, மைக் இல்லாமல், இந்தச் சினிமாப் பாட்டையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தொடங்குமுன் வாத்தியத்தில் தொங்கும் சீவாளிக் கொத்தைக் கவனியுங்கள். ஒன்றை மாட்டி, ஊதிப் பார்த்து, ஒத்துவராவிட்டால் வேறொன்றை எடுத்து வாயில் நனைப்பார்கள். உலர்ந்த சீவாளி பேசாது. அளவுக்கு மீறி ஊறினாலும் பேசாது. 'இன்னும் ஆரம்பிக்கலையா' என்று அப்போது அவசரப்படுத்தாதீர்கள்.