பூங்காவுக்கென்று எழுதிக் கொடுத்த நிலம்

தாம்பரத்திலிருந்து கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் என்றும், மேற்கே முடிச்சூர், பெருங்களத்தூர் என்றும் செல்லும் சாலைகளின் இருமருங்கிலும், வயல்கள் மனைகளாகவும் மனைகள் வீடுகளாகவும் வீடுகள் இப்போது அடுக்ககங்களாகவும் மாறி உருவாகியிருக்கும் எண்ணற்ற ‘நகர்’களுள் ஏதேனும் ஒன்றில் நுழைந்து இரண்டு மூன்று தெருக்களைச் சுற்றி வந்தால், நடுவே எவரும் வீடு கட்டாமல் விட்டிருக்கும் ஒரு துண்டு நிலம் பெரும்பாலும் கண்ணில் படும். பராமரிப்பு உள்ள இடமானால் அங்கே நடைபாதையும் புங்கமர நிழலும் மாலையில் முதியோர் கூட்டமும் இருக்கும். பராமரிப்பு அற்ற இடத்திலோ, சீமைக் கருவேலமும் பார்த்தீனியமும் இடுப்பளவு வளர்ந்து, ஊஞ்சல் பலகை துருப்பிடித்த ஒற்றைச் சங்கிலியில் தொங்க, பழைய வீட்டை இடித்தவர்கள் இரவோடிரவாகக் கொட்டிச் சென்ற செங்கல் துண்டுகள் மூலையில் குவிந்து, கதவு பூட்டியே கிடக்கும்.

இந்த நிலத்தை மனை விற்றவரின் தாராள குணத்துக்கு அடையாளம் என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது சட்டப்படி விட்டே தீரவேண்டிய பாகம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலைகளுக்குரிய பரப்பு நீங்கலாக, நூற்றில் பத்துப் பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, அதைத் தானப்பத்திரமாக எழுதிப் பதிவுசெய்து உள்ளாட்சியிடம் ஒப்படைத்தாக வேண்டும். ‘ஓ.எஸ்.ஆர். இடம்’ என்று நலச்சங்கத்தார் வாயில் அடிபடுவது இதுதான். 10,000 சதுர மீட்டருக்கு 1,000 என்று கொண்டால், அது ஏறக்குறைய நாலரை கிரவுண்டு. இன்றைய விலைவாசியில் எவரும் சும்மா விட்டுவிடக்கூடிய சொத்தன்று. ஆகையால்தான் 1959-ஆம் ஆண்டிலேயே, சென்னை ராஜ்யம் என்று நம் மாநிலம் வழங்கிய காலத்தில், பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் பாதுகாப்பதற்கென்று தனிச்சட்டம் இயற்றி, அவற்றின் பட்டியலைத் தயாரிக்கும் கடமையை உள்ளாட்சிகளின்மீது சுமத்தினார்கள்.

எழுதிக் கொடுத்த நிலத்தைப் பேணாமல் விட்டால் கேட்கும் பாத்தியதை தெருவாசிக்கு உண்டா என்ற சந்தேகத்தை உச்ச நீதிமன்றம் நெடுநாட்களுக்கு முன்பே தீர்த்துவிட்டது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டுவதற்கு அளித்ததை அவ்வட்டாரத்துக் குடியிருப்போர் எதிர்த்த முத்தப்பா வழக்கில், பூங்காவை இழப்பதனால் நேரடியாகப் பாதிக்கப்படுகிறவர்கள் அவர்களே ஆதலால் வழக்காடும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று 1991-இல் தீர்ப்பு வந்தது. அதற்கும் முன்னால், 1980-இல், மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகரின் ஜனங்கள் சாக்கடை நாற்றம் பொறுக்காமல் தொடுத்த வழக்கில், கஜானாவில் பணமில்லை என்று நகராட்சி சொன்ன சமாதானத்தை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஏற்க மறுத்தார். அது சாக்கடையைப் பற்றிய வழக்கேயாயினும், நிதியில்லை என்ற ஒரே பதிலைக் கேட்டுத் திரும்பி வரும் ஒவ்வொரு நலச்சங்கத்துக்கும் அது ஆதாரமாக நிற்கக் கூடியது என்பது என் திடமான அபிப்பிராயம்.

தாம்பரத்தில் இவ்வாறு உரிமை கேட்கும் காரியம் சற்றுச் சிரமமானது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் முதலான ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாக்கி 70 வார்டுகள் கொண்ட மாநகராட்சியாக அமைத்தபோது, பழைய பேரூராட்சிகளின் பெயருக்கு எழுதிய தானப்பத்திரங்களும் அவற்றோடு புதிய நிர்வாகத்தைச் சேர்ந்தன. எனவே புகார் கொடுக்கப் புறப்படுகிறவர், முதலில் மனைப்பிரிவின் அங்கீகார வரைபடத்தையும், அதில் பூங்காவென்று குறித்த சர்வே எண்ணையும், அந்த எண்ணுக்குரிய வில்லங்கச் சான்றையும் கையில் எடுத்துக்கொள்வது நலம். இல்லையேல் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டால், 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டிய கடமை அலுவலகத்துக்கு உண்டு. புல் வளர்ந்திருக்கிறது என்ற மனுவை ஒதுக்கிவிடலாம். சர்வே எண்ணோடு வரும் மனுவை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது.

காகிதத்தோடு கைகளும் சேர்ந்த இடம் சிட்லபாக்கம். எண்பது ஏக்கருக்கு மேல் பரந்திருந்து ஏறக்குறைய 47 ஏக்கராகச் சுருங்கி, கழிவுநீரும் குப்பையும் சேர்ந்து கிடந்த அவ்வூர் ஏரியில், 2019-ஆம் ஆண்டுக் கோடையின் கொடிய வறட்சியில் நீர் வற்றியபோது, அதற்குள் பல்லாண்டுகளாக மனுக்கொடுத்து அலுத்திருந்த குடியிருப்போர், மண்வெட்டியும் கூடையுமாகத் தாங்களே இறங்கித் தூர் வாரத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் ஏரியைச் சீர்செய்ய 25 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அரசாங்கம் அறிவித்தது. இதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன், 1994-இல், அண்டையூராகிய பம்மலில் சங்கர நகர்ப் பெண்கள் ஒன்றுகூடித் தங்கள் தெருக்குப்பையைத் தாங்களே தரம்பிரித்து உரமாக்க முற்பட்டதையும் நன்றியோடு நினைக்கிறேன். தாங்களே உழைத்தவர்கள் கேட்கும்போது, அந்தக் கேள்விக்கு வேறொரு கனம் வந்துவிடுகிறது.

பெரிய அடுக்ககங்களின் சுற்றுச்சுவருக்குள் இருக்கும் புல்வெளியின் கதை வேறு. சங்கம் பொறுப்பேற்கும்வரை அத்தியாவசியப் பராமரிப்பு கட்டுநருடைய கடமை என்று 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது. தவறினால் ரியல் எஸ்டேட் ஆணையத்தை நாடலாம். இங்கிலாந்திலும் இத்துன்பம் உண்டு: அங்கே பெரிய கட்டுமான நிறுவனங்கள் விற்கும் புது வீடுகளில் பெரும்பாலானவற்றின் சொந்தக்காரர்கள், உள்ளாட்சிக்கு வரி செலுத்திய பிறகும், பொதுவெளிகளைப் பேணத் தனியாருக்கு மற்றொரு கட்டணம் செலுத்த நேர்வதை, அந்நாட்டின் போட்டி ஆணையம் 2024-இல் கண்டித்தது.

ஒன்றை மட்டும் நம்மவர்கள் மறந்துவிடலாகாது. உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த இடம் அந்த நகரில் மனை வாங்கியவர்களின் பிரத்தியேகச் சொத்தன்று. அவ்வாறு கொடுக்கச் சொல்லும் விதி செல்லும் என்று, சென்னை அடுக்ககம் ஒன்றின் வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் முடிவு கூறியிருக்கிறது. பக்கத்துத் தெருக் குடிசைக் குழந்தை ஊஞ்சலாடக் கூடாதென்று கதவைப் பூட்டிவைத்துக்கொண்டு, பராமரிப்பை மட்டும் பொதுப் பணத்திலிருந்து கேட்பது நியாயமாகாது.

2022 நவம்பர் முதல் நாள் பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே வந்து அமர்ந்து ஜனங்களின் குறைகளைக் கேட்டார். வார்டுதோறும் கூடவேண்டிய அந்தச் சபையில், சாலைக்கும் சாக்கடைக்கும் கேள்வி கேட்கும் அதே மூச்சில், இந்த வார்டில் பூங்காவுக்கென எழுதிக் கொடுத்த நிலங்கள் எவை, அவற்றின் சர்வே எண்கள் என்ன, பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம் இருக்கிறது, சென்ற ஆண்டு எவ்வளவு செலவழிந்தது, தண்ணீர் மோட்டார் பழுதானால் யாரை அழைப்பது என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.