குளத்து நீரில் மறைந்திருக்கும் ஆபத்து: அமீபா மூளைக்காய்ச்சல் பரவுவது எப்படி?

நெய்யாற்றின்கரை: கேரள மாநிலம் நெய்யாற்றின்கரை அருகே கண்ணறவிளையில், குளத்தில் குளித்த இளைஞர் ஒருவர் 2024 ஜூலையில் அமீபா மூளைக்காய்ச்சலால் உயிரிழந்தார். அதே குளத்தைப் பயன்படுத்திய மேலும் சிலருக்கும் தொற்று உறுதியானது.

வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா ஃபௌலேரி போன்ற அமீபாக்கள் மூக்கின் வழியே புகுந்து மூளையைத் தாக்குகின்றன. நீரை அருந்துவதாலோ, நோயாளியிடமிருந்தோ நெக்லேரியா தொற்றுவதில்லை. கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து இறுக்கம் ஆகியவை அறிகுறிகள்.

உலக அளவில் நெக்லேரியா தொற்றுக்கு ஆளானோரில் சுமார் 97 சதவீதத்தினர் உயிரிழக்கின்றனர். எனினும், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அமீபா மூளைக்காய்ச்சலுக்கு விரைவாகச் சிகிச்சை பெற்ற பலர் குணமடைந்தனர்.

தேங்கிய நீரில் குதித்துக் குளிப்பதைத் தவிர்க்க வேண்டும். குளம் தூர்வாரும் தொழிலாளர்கள் மூக்கினுள் நீர் புகாமல் பார்த்துக்கொள்வது அவசியம். காய்ச்சலுடன் மருத்துவரிடம் செல்வோர், குளத்தில் இறங்கிய விவரத்தைத் தவறாது தெரிவிக்க வேண்டும். நோயை விரைந்து கண்டறிய அது பெரிதும் உதவும்.